இந்த ஆங்கிலச் சொல்வடிவம் பிழைதானா? திருத்தும் முன் பார்க்க வேண்டியவை

பழக்கமில்லாத சொல்வடிவம் கண்ணில் பட்டதும் அடித்துவிட வேண்டாம். முதலில் முழு வாக்கியத்தையும் படித்து, அந்தச் சொல் அங்கே எந்தப் பொருளில் நிற்கிறது என்று பாருங்கள். சரியானதைத் திருத்திக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘காஸ்ட்’ என்ற வினை இறந்தகாலத்திலும் மாறாது என்று படித்திருப்போம். விலை இவ்வளவு ஆனது என்னும்போது அது சரி. திட்டத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டார்கள் என்றால் ‘காஸ்டட்’தான் முறை. படத்தை மாட்டினால் ‘ஹங்’, ஆளைத் தூக்கிலிட்டால் ‘ஹேங்டு’. ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ தகவல் என்ற பொருளில் பிழை. ஆனால் சட்ட ஆங்கிலத்தில் அது ஒருவகைக் குற்றச்சாட்டு ஆவணம், அதற்குப் பன்மை உண்டு.

அடுத்து, எழுதியவர் எந்த நாட்டு ஆங்கிலம் எழுதுகிறார்? ‘கெட், காட், காட்டன்’ என்பதில் மூன்றாவது வடிவம் இன்றைய பிரிட்டிஷ் எழுத்தில் அரிது, அமெரிக்காவில் இயல்பு. அங்கே ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது. ‘ஹேவ் காட்டன்’ என்றால் கிடைத்திருக்கிறது. மாற்றினால் பொருளே போய்விடும்.

இதற்குப் பிறகுதான் அகராதி. பிரிட்டிஷ் அகராதி ஒன்று, அமெரிக்க அகராதி ஒன்று, இரண்டும் வேண்டும். சொல் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் பக்கத்திலுள்ள குறிப்பையும் படியுங்கள். ‘இர்ரிகார்ட்லெஸ்’ மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியில் உண்டு, ‘நான்ஸ்டாண்டர்டு’ (தரமான வழக்கு அல்ல) என்ற முத்திரையோடு. கதையில் வரும் உரையாடல் என்றால் விட்டுவிடலாம். ஆய்வறிக்கையில் ‘ரிகார்ட்லெஸ்’ ஆக்குங்கள். அகராதியில் இல்லாததாலேயே பிழை என்றும் ஆகாது: ‘அன்’, ‘ஏபிள்’, ‘நெஸ்’ போன்ற ஒட்டுகள் சேர்ந்து விதிப்படி பிறக்கும் சொற்கள் அத்தனையையும் எந்த அகராதியும் பதிவதில்லை. அகராதியும் சறுக்கும். 1934இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பில், அடர்த்தியைக் குறிக்கும் ‘டி’ எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ எழுதலாம் என்ற குறிப்பு (D or d) ஒன்றாகச் சேர்ந்து ‘டோர்ட்’ என்ற தனிச்சொல்லாகவே அச்சாகிவிட்டது. 1939இல்தான் பதிப்பாசிரியர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார்.

வழக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, நூல்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்பதை வரைகோடாகக் காட்டும் கூகுளின் என்கிராம் வியூவர் உதவும். அமெரிக்க, பிரிட்டிஷ் தொகுப்புகளைத் தனித்தனியே பாருங்கள். 1800க்கு முந்தைய நூல்களில் ‘எஃப்’ போலவே தோன்றும் பழைய நீண்ட ‘எஸ்’ எழுத்தை இயந்திரம் ‘எஃப்’ என்று படித்துவிடுவதால் ‘பெஸ்ட்’ கூட ‘பெஃப்ட்’ ஆகிக் கணக்கில் சேரும். ஆகவே வரைகோட்டோடு நின்றுவிடாமல் நூல் பக்கங்களைத் திறந்து, அதே பொருளில்தான் வருகிறதா என்று ஐந்தாறு வாக்கியங்களையாவது படித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால் சொல்லைத் தொடாமல் ஓரத்தில் கேள்விக்குறி இட்டு, எழுதியவரிடமே கேளுங்கள்.