மொட்டை அடித்தால் நாய்க்குக் குளிர்ச்சியா? பருவத்துக்குப் பருவம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் ஏறத் தொடங்கியதும் பலருக்குத் தோன்றும் முதல் யோசனை: "பாவம், இவ்வளவு முடியோடு எப்படித்தான் இருக்கும்? ஒட்ட வெட்டிவிடலாம்." எண்ணம் நல்லதுதான். ஆனால் ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், பொமரேனியன் போன்ற நாய்களுக்குக் கோடையில் செய்யக்கூடிய பெரிய கெடுதல் அதுவே.

இந்த இனங்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு மேல்முடி. அதற்குக் கீழே பஞ்சுபோல் அடர்ந்த அடிமுடி. குளிர்காலத்தில் அடிமுடி திரண்டு உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும். கோடை நெருங்கும்போது அது கொத்துக்கொத்தாக உதிர்ந்துவிடும். மிஞ்சுகிற மேல்முடி வெயில் தோலில் நேராக விழாமல் தடுக்கும். காற்றும் உள்ளே போய்வரும். ஒட்ட வெட்டினால் இந்த ஏற்பாடு மொத்தமும் குலைந்துவிடும். அப்புறம் தோல் வெயிலில் வேகும். அடிமுடி முந்திக்கொண்டு வளர்ந்து, மேல்முடி திட்டுத் திட்டாக வரும். சில நாய்களுக்கு வெட்டிய இடத்தில் பல மாதங்கள் முடியே முளைக்காது.

முடியை வெட்டினால் நமக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணம் வியர்வை. தோலில் காற்றுப் பட்டு வியர்வை உலர, உடம்பு குளிர்கிறது. நாய்க்குச் சூட்டைத் தணிக்கும் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தின் அடியில்தான் இருக்கின்றன. அவற்றால் பெரிய பயனும் கிடையாது. அது குளிர்வது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால்தான். ஆகவே முதுகில் முடியைக் குறைப்பது, வியர்க்காத உடம்புக்கு விசிறி விடுவதுதான். நம் உடம்பை அளவுகோலாக வைத்து நாயைக் கவனிப்பதில் வரும் பிசகு இது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதே வகை.

சரி, வெட்டாமல் என்ன செய்வது? உதிர்ந்த அடிமுடியை வெளியே எடுங்கள். முடி உதிரும் பருவத்தில் அண்டர்கோட் ரேக் (அடிமுடியை வாரி எடுக்கும் நீளப்பல் சீப்பு) அல்லது ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய கம்பிப்பல் பிரஷ்) தினமும் வாரிவிட்டால் போதும். மேலாக வாரினால் மேல்முடி மட்டும் பளபளக்கும், அடியில் உதிர்ந்தது அப்படியே அடைந்து கிடக்கும். முடியைப் பிரித்துப் பிடித்துத் தோல் தெரியும்படி அடுக்கடுக்காக வாருங்கள்.

பூடில், ஷீட்சூ, மால்டீஸ் கதை வேறு. அவற்றின் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே போகும். 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். அவற்றுக்கும் தோல் தெரிய மழிக்க வேண்டாம், கொஞ்சம் நீளம் இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்காகவோ, பிரிக்கவே முடியாத சிக்குக்காகவோ மழிக்க நேர்ந்தால் அதில் தவறில்லை. தோலை இழுத்துப் பிடிக்கும் சிக்கோடு நாயை வைத்திருப்பதுதான் கொடுமை.

வெயிலில் நடை, காருக்குள் காத்திருப்பு

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். வெப்ப அடி (ஹீட் ஸ்ட்ரோக்) என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பூட்டிய கார். அது பொய்யில்லை. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறும், அதில் 80 சதவீதம் முதல் 30 நிமிடத்திலேயே ஏறிவிடும் என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2020-இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது: வெப்ப அடிபட்ட நாய்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் ஓட்டமும் நடையும் விளையாட்டும்தான். கார் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பந்தை எறிந்தால் நாய் ஓடும். களைத்தாலும் ஓடும். அது தானாக நிற்கும் என்று நினைத்து எறிந்துகொண்டே இருப்பது தவறு; நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். பக், புல்டாக் போன்ற மூக்கு சப்பையான நாய்களுக்கு இது இன்னும் ஆபத்து. லாப்ரடாரோடு ஒப்பிட்டால் புல்டாக்குக்கு வெப்ப அடி அபாயம் 14 மடங்கு என்கிறது அதே குழுவின் இன்னொரு ஆய்வு. அந்த மூக்கு வழியாகப் போதுமான காற்றே போவதில்லை, பிறகு எங்கே குளிர்வது?

தார்ச்சாலை சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. சூரியன் சாய்ந்த பிறகும் தார் வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும் என்பதால், மாலை நடைக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

வெப்ப அடிபட்ட நாய்க்குச் செய்யும் முதலுதவியிலும் பழைய தவறு ஒன்று இன்னும் ஓயவில்லை. "குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ரத்தக் குழாய் சுருங்கிவிடும், ஈரத்துண்டைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்" என்பார்கள். போர்த்திய துண்டு சீக்கிரமே சூடேறி, வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். இப்போதைய வழிகாட்டுதல் இதற்கு நேர்மாறு: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. இளமையும் ஆரோக்கியமும் உள்ள நாய் என்றால் தலை மேலே இருக்கும்படி தண்ணீரில் இறக்கலாம். வயதான அல்லது நோயுற்ற நாய்க்கு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி விடுங்கள். குழாய்த் தண்ணீரே போதும், அதன் உடம்பைவிடக் குளிர்ந்திருந்தால் சரி. சுயநினைவு இல்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குளியல்

இரண்டு தவறுகள்தான் இங்கே பெரும் சேதம் செய்பவை. ஒன்று, நம் ஷாம்பு. மனிதத் தோல் அமிலப்பக்கம் சாய்ந்தது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. அதன் மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. குழந்தை ஷாம்புவும் மனிதக் குழந்தைக்காகச் செய்ததுதான். இரண்டாவது, வாரிச் சிக்கெடுக்காமல் நனைப்பது. நனைந்து காயும்போது சிக்கு இறுகி, தோலோடு ஒட்டிய தடித்த மெத்தையாகிவிடும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, வாலடி: இந்த இடங்களைச் சீப்பால் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போக வேண்டாம். தோல் சிக்குக்குள் இழுபட்டிருக்கும், எது முடி எது தோல் என்று தெரியாது. அப்படி வெட்டித் தையல் போட வேண்டிய நிலைக்கு வரும் நாய்கள் உண்டு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஆரோக்கியமான நாய்க்கு மாதம் ஒருமுறை என்பது தாராளம். கோடையில் தண்ணீரில் விளையாட விடலாம். ஷாம்பு மட்டும் அடிக்கடி வேண்டாம். மருத்துவர் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் கணக்கு வேறு. பெரும்பாலும் 10 நிமிடம் தோலில் ஊற வேண்டும். தடவியதும் அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும்.

மழைக்காலம்

மழையில் நனைந்துவந்த நாயை முதுகில் மட்டும் துடைத்துவிட்டு அனுப்புவதுதான் வழக்கம். முதுகு தானாகக் காய்ந்துவிடும். காயாதவை விரலிடுக்கு, காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடி, அடிமுடி. ஈரம் தங்கும் அங்கெல்லாம் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகும். நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, விரலிடுக்கு முடி செம்பழுப்பாக மாறுகிறது, புளித்த வாடை வருகிறது என்றால் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அடர்ந்த முடிக்காரர்களுக்கு ஈரம் தங்கிய இடத்தில் ஒரே இரவில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து நீர்கசியும் புண் வந்துவிடும். ஹாட் ஸ்பாட் என்பது இதைத்தான். அதன்மேல் பவுடரோ எண்ணெயோ பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள முடியை வெட்டிக் காற்றுப் பட விட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது விஷயத்தில் ஆர்வம்தான் எதிரி. நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்ளே திரும்புகிறது. பஞ்சுக்குச்சியை விட்டால் அழுக்கு அந்தத் திருப்பத்துக்குத் தள்ளப்படும், வெளியே வராது. காதுக்கென விற்கும் கரைசலை ஊற்றி, அடிப்பகுதியைப் பிசைந்து, நாயே தலையை உதறிய பிறகு வெளியில் வந்ததைத் துடைப்பதுதான் முறை. காது சிவந்தோ நாற்றமெடுத்தோ இருந்தால் அதுவும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்து உண்ணி. ஈரமும் வெதுவெதுப்பும் சேரும்போது பெருகும் இதற்கு எதிராக மக்கள் செய்வதைப் பார்த்தால் உண்ணியே மேல் என்று தோன்றும். மண்ணெண்ணெய், பினாயில், டீ ட்ரீ எண்ணெய் எல்லாமே நாய்க்கு நஞ்சு. தோல் வழியாகவும் போகும், நக்குவதாலும் போகும். மாட்டின் ஒட்டுண்ணிகளுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் கண்மதிப்பில் போடுவது இன்னொன்று. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு மரபணு மாற்றம் ஒன்று இருக்கும். அவற்றுக்கு அதிக அளவு ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்து உயிரைப் பறிக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தை வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அது பூனைக்கு வலிப்பு வரவைக்கும்.

சரியான மருந்தையே தவறாகப் போடுவதும் உண்டு. கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பல, தோலின் எண்ணெய்ப் பசை வழியாகத்தான் உடம்பெங்கும் பரவும். "சுத்தமாக இருக்கட்டும்" என்று குளிப்பாட்டிய கையோடு விட்டால் பரவ எண்ணெய்ப் பசையே இருக்காது. பொதுவாக முன்னும் பின்னும் 2 நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். மருந்துப் பெட்டியில் உள்ளதைப் படித்துவிடுங்கள். வீடுகளில் அதிகம் காணும் பழுப்பு நாய் உண்ணி, வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் கவனித்து அது படுக்கும் இடத்தை விட்டுவிட்டால், "மருந்து வேலை செய்யவில்லை" என்ற புலம்பல்தான் மிஞ்சும். கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியைச் சுட வேண்டாம், எண்ணெய் வைக்க வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.

தேங்கிய நீரில் கால் வைக்க விடுவதும் குடிக்க விடுவதும் மழைக்காலத்தில் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். இதற்குத் தடுப்பூசி உண்டு, வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

குளிரில்

"குளிருதே, எதற்கு வாருவது" என்று பிரஷ்ஷை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குப் பதில் ஸ்வெட்டர் மாட்டிவிடுவார்கள். மெல்லிய முடியுள்ள சின்ன நாய்க்கும் வயதான நாய்க்கும் ஸ்வெட்டர் நல்லதே. ஆனால் நாள் முழுக்கக் கழற்றாமல் இருந்தால் அக்குளிலும் மார்பிலும் உரசி உரசிச் சிக்கு விழும், நனைந்தால் குளிரைக் கூட்டும். ஹஸ்கிக்கு ஸ்வெட்டர் உங்கள் ஆசைக்குத்தான்.

நடை குறைவதால் நகம் தேயாது. தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டால் நீண்டுவிட்டது. முன்காலில் சற்று மேலே இருக்கும் கட்டை விரல் நகத்தை எல்லோரும் மறப்பார்கள். அது தரையில் படாது, வளைந்து சதைக்குள் குத்தும். கறுப்பு நகத்தை ஒரே வெட்டாக வெட்டாமல் மெல்லிய சீவலாகக் குறைத்து வாருங்கள். வெட்டிய முகப்பின் நடுவே ஒரு கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அடுத்தது ரத்தம். வந்துவிட்டால் ரத்தம் நிறுத்தும் பவுடரையோ, அது இல்லையென்றால் கார்ன்ஃபிளவர் மாவையோ அழுத்திப் பிடியுங்கள்.

பனி விழும் ஊர்களில் சாலையில் தூவும் உப்பு பாதத்தை அரிக்கும். வீடு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கால் கழுவ வேண்டும். கார் ரேடியேட்டர் நீர் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், சிகிச்சைக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.

பருவத்தின் தலையில் பழி

"வெயில் காலம், முடி கொட்டத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவது கடைசித் தவறு. பருவத்தில் கொட்டுவது உடம்பெங்கும் பரவலாகக் கொட்டும், தோல் தெரியாது. வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி போனாலோ காரணம் வேறு. பூஞ்சையாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். வருடத்தில் அதே மாதங்களில் பாதம், காது, அக்குள் அரிக்கிறது என்றால் மகரந்த ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும், குளியலைக் கூட்டிப் பயனில்லை.

தண்ணீரும் அப்படியே. கோடையில் அதிகம் குடிப்பது சகஜம்தான். ஆனால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டிக் குடிக்கிறது என்றால் நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் சோதிக்கப்பட வேண்டியவை. கிண்ணத்தில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.