கார்புரேட்டரின் பெட்ரோல் நுழைகுழாயை மரைக் குழாயாக மாற்றுதல்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் மரையில்லாமல் மேல்மூடியில் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் அது தளர்ந்து கழன்றால், சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோல் கொட்டித் தீப்பற்றக்கூடும். சித்திரை வெயிலில் ஆலங்குளம் வழியாகத் தென்காசிச் சாலையில் ஓடப்போகும், வீட்டில் கட்டிய காருக்கு மரைக் குழாயே தகும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, மேல்மூடியை வெளியே எடுத்து, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையையும் ஊசி வால்வையும் அகற்றிவிடுங்கள். பழைய குழாயை முறுக்கியபடியே உருவி, சுற்றுச்சுவரின் கனம் போதுமா என்று பார்த்த பின்னரே, 9 மி.மீ. துளையிட்டு, 1 மி.மீ. புரியிடைவெளி கொண்ட 10 மி.மீ. மரையை வெட்ட வேண்டும். உலோகம் மென்மையானது, மரை வெட்டும் கருவியான டேப்பை (tap) அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்புங்கள். அதில் கிரீஸ் தடவியிருந்தால் சாம்பல்நிறத் துகள்கள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கை பழகாதவர்கள் திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் ஏதாவதொரு லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம். கோணலாக மரை வெட்டி ஒரு மூடியைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.

புதிய மரைக் குழாயைத் திருகிப் பொருத்தும்போது மரையில் டெஃப்லான் நாடா சுற்ற வேண்டாம். அதன் துணுக்கு ஊசி வால்வில் சிக்கினால் கார்புரேட்டர் நிரம்பி வழியும். பெட்ரோலைத் தாங்கும் மரைப்பசையே போதும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸைக் கிளிப்பால் இறுக்கி, பெட்ரோல் நிறைந்ததும் இணைப்பில் செய்தித்தாள் துண்டை ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் எஞ்சினைக் கிளப்பக் கூடாது.