கொழுந்து மடுவத்தில் ஒரு ஏஜெண்ட்: ஆளோடு ஒத்துப்போகும் மென்பொருள் செய்ய ஆரம்பப் படிகள்

ஏஜெண்ட், அதாவது சொன்னதைக் கேட்டுத் தானாக வேலை பார்க்கும் AI மென்பொருள், செய்யப் போகிறேன் என்று வருகிறவர்கள் எந்த மொடல் (அதற்குள் இருக்கும் AI மூளை) நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது இருக்கட்டும், அது யாரோடு வேலை பார்க்கப் போகிறது என்று சொல்லுங்கள். நம்ம மலையகத்து உதாரணமே எடுப்போம்: பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவர் கொழுந்தின் எடையையும் போனில் சொல்ல, ஏஜெண்ட் அதைக் கேட்டு அட்டவணையில் ஏற்றுகிறது.

படி 1: வேலையைப் பிரியுங்கள். எழுதுவது, கூட்டுவது, விடுபட்ட ஆள் நம்பரை ஞாபகப்படுத்துவது ஏஜெண்டுக்கு. ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது, யாருக்கு அரைப்பேர் போடுவது என்பதெல்லாம் ஆளுக்கு. அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம் போச்சு. எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளாக இருந்தாலும் அதில் கைவைக்க விடாதீர்கள்.

படி 2: எப்போது கேட்பது, எப்போது சும்மா இருப்பது. முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். மைக்ரோசொப்ட் ஆய்வாளர் எரிக் ஹோர்விட்ஸ் 1999இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி இருக்கிறது: தானாகச் செய்தால் வரும் பலன், பிழைபோனால் வரும் நட்டம், கேள்வி கேட்பதால் ஆகும் தொந்தரவு, இவற்றைச் சந்தேகத்தின் அளவோடு சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மைக்ரோசொப்ட் ஒபிஸ் 97இல் வந்த பேப்பர் கிளிப் பொம்மை இதைப் பார்க்காமல், கடிதம் எழுதத் தொடங்கினாலே உதவட்டுமா என்று வந்து நின்றது. ஒபிஸ் 2007இல் அது இல்லை.

காற்றில் "எட்டு தசம் ஒன்று" என்பதில் தசம் விழுங்கப்பட்டு 81 என்று பதிவாகிறது என்று வையுங்கள். ஒரு வேளைக்கு 81 கிலோ யாரும் பறிக்க மாட்டார்கள், அதனால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் "உள்ளீட்டில் பிழை, மீண்டும் முயலவும்" என்றால், மழை வேறு வருகிறது, வரிசையும் நிற்கிறது, மனுசன் போனைத் தூக்கி வீசிவிடுவார். "47ஆம் நம்பர், 8.1ஆ ஐயா?" போதும். "ஓம்" என்றால் அடுத்த ஆள்.

படி 3: திருத்துவது லேசாக இருக்கட்டும். "இல்ல, ஒன்பது" என்றதும் மாற வேண்டும், பழைய எண்ணும் அழியாமல் இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத மலையில் பதிவு போனிலேயே நிற்கும்; அப்போது "இன்னும் அனுப்பவில்லை" என்று உள்ளதைச் சொல்லட்டும்.

படி 4: கோட் எழுதுமுன் நடித்துப் பாருங்கள். ஒரு நண்பர் மறைவாக உட்கார்ந்து வட்ஸ்அப்பில் ஏஜெண்டாகப் பதில் போடட்டும். என்ன சொல்வதென்று அவர் முழிக்கிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏஜெண்டுக்கான கட்டளையில் முதலில் எழுத வேண்டியவை அவைதான்.