மிரர் டிஸ்க் லைனை அடைக்கும்போது செய்யக்கூடாதவை

கோவையில் ஒரு சர்வர், கஞ்சிக்கோட்டில் இன்னொன்று, இரண்டிலும் 2 டிபி டிஸ்க், நடுவில் 100 எம்பிபிஎஸ் லைன், இரண்டு டிஸ்க்கையும் ஒரே மாதிரி வைத்திருக்க டிஆர்பிடி (DRBD) என்ற லினக்ஸ் சாஃப்ட்வேர். வாளையாறு பக்கம் ரோட்டைத் தோண்டி ஃபைபர் அறுந்து, லைன் திரும்பி வந்ததும் டிராஃபிக் எகிறும். அந்த நேரத்தில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்கள் இவை. கேபிள், போர்ட் சமாச்சாரமெல்லாம் இங்கே இல்லை.

மெட்டாடேட்டாவை அழிப்பது

லைன் இல்லாதபோது மாறிய இடங்களை டிஆர்பிடி தன் மெட்டாடேட்டாவில் (அது தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு) உள்ள பிட்மேப்பில் குறித்துவைக்கும். 4 கேபிக்கு ஒரு பிட். 1 டிபி டிஸ்க்குக்கு வெறும் 32 எம்பி. லைன் வந்ததும் குறித்தவை மட்டும் போகும். 20 ஜிபி மாறியிருந்தால் அரை மணி நேரம் லைன் திணறும். அது கோளாறே இல்லை.

ஆனால் அந்த அரை மணியைப் பொறுக்க மாட்டார்கள். "லைன் ஃபுல்லா ஓடிட்டே இருக்குதுங்ணா, எங்கியோ மாட்டிக்கிச்சு" என்று போன் வருவதற்குள், மெட்டாடேட்டாவைப் புதிதாக எழுதும் கிரியேட்-எம்டி கட்டளையைக் கொடுத்தாகிவிட்டிருக்கும். பழையதை அழிக்கட்டுமா என்று அது கேட்கத்தான் செய்கிறது. 'யெஸ்' என்று முழுசாகத் தட்டினால்தான் நகரும். தட்டுகிறார்கள்! பிட்மேப் போனால் எது மாறியது என்ற கணக்கே இல்லை. 2 டிபியும் மறுபடி போக வேண்டும்: குறைந்தது 44 மணி நேரம். அதுவரை கஞ்சிக்கோடு 'இன்கன்சிஸ்டன்ட்', அதாவது பாதி பழசு பாதி புதுசு, நம்ப முடியாது. இடையில் கோவை டிஸ்க் செத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இன்வேலிடேட் கட்டளையும் முழு டிஸ்க்கையே அனுப்பவைக்கும். போதாததற்கு, எந்த சர்வரில் அடிக்கிறோமோ அதன் டேட்டாதான் குப்பைக்குப் போகும்.

டிஆர்பிடிசெட்டப் ஸ்டேட்டஸை வெர்போஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டும் சேர்த்து ஓட்டி 'அவுட்-ஆஃப்-சிங்க்' (இன்னும் போக வேண்டிய அளவு) எண்ணைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அது பூஜ்ஜியமாக இருந்தும் 'சென்ட்' (அனுப்பிய அளவு) ஏறினால், ஏதோ ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறது, யார் எழுதுகிறார்கள் என்று காட்டும் ஐயோடாப்பில் பிடிக்கலாம். பிரைமரி சர்வர் (புரோகிராம்கள் எழுதும் பக்கம்) கரண்ட் போய் விழுந்து எழுந்தாலும் ஆக்டிவிட்டி லாக்கில் (அண்மையில் எழுதிய பகுதிகளின் பட்டியல்) இருந்த பகுதிகள் திரும்பப் போகும். இயல்பான அமைப்பில் 1237 எக்ஸ்டென்ட் (பகுதி), ஒவ்வொன்றும் 4 எம்பி, ஆக 4.8 ஜிபி வரை.

'ஸ்டாண்ட்அலோன்' (இணைப்பு விட்டுத் தனியே) என்று நின்று, கெர்னல் லாக்கில் ஸ்ப்ளிட்-பிரெய்ன் (இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிவிட்ட நிலை) என்று வந்திருந்தாலும் மெட்டாடேட்டாவைத் தொட வேண்டாம். எந்தப் பக்க என்ட்ரிகளை இழக்கலாம் என்று அக்கவுண்ட்ஸ்காரர்களைக் கேளுங்கள். அந்தப் பக்கத்தை டிஸ்கனெக்ட் செய்து, செகண்டரி (நகல் வாங்கும் பக்கம்) ஆக்கி, டிஸ்கார்ட்-மை-டேட்டாவோடு கனெக்ட் கொடுங்கள். எதிர்ப்பக்கமும் ஸ்டாண்ட்அலோன் என்றால் அங்கே வெறும் கனெக்ட். மாறிய இடங்கள் மட்டும் நகரும்.

ரீசிங்க்-ரேட்டைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பது

ரீசிங்க் என்பது விட்டுப்போனதை மறுபடி அனுப்புவது. அதன் வேகத்தை டிஆர்பிடியே கூட்டிக் குறைக்கவைக்கும் சி-பிளான்-அஹெட் பூஜ்ஜியமாக இல்லாதவரை ரீசிங்க்-ரேட் தொடக்க வேகம் மட்டுமே. கடிவாளம் சி-மேக்ஸ்-ரேட்டில் (உச்ச வேகம்) இருக்கிறது. அது பிட் கணக்கல்ல, பைட் கணக்கு: 10எம் என்று எழுதினால் லைனில் 84 எம்பிபிஎஸ் போகும், பில்லிங் படுத்துவிடும். 4எம்மில் ஆரம்பியுங்கள்.

புரோட்டோகால் சியை ஏ ஆக்குவது

சி என்றால் எதிர்ப்பக்க டிஸ்க்கிலும் எழுதி முடியும்வரை காத்திருக்கும், ஏ காத்திருக்காது. அதனால் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் குறையும். பைட் ஒன்றுகூடக் குறையாது.

ஸ்வாப், ராத்திரி பேக்கப் எல்லாம் அதே டிஸ்க்கில்

வேண்டாம். எழுதுவதெல்லாம் லைனில் போகும்.

முதல் சிங்க்கை இந்த லைனிலேயே ஓட்டுவது

இரண்டு டிஸ்க்கும் காலி என்றால் நியூ-கரண்ட்-யூயூஐடி கட்டளையை கிளியர்-பிட்மேப்போடு கொடுத்து முதல் சிங்க்கைத் தவிர்க்கலாம். ஒரு பக்கம் டேட்டா இருந்தால் அந்தக் கட்டளையைத் தொடவே கூடாது. இரண்டு சர்வரையும் கோவையிலேயே கிகாபிட் கேபிளில் இணைத்து சிங்க் முடித்து, பிறகு ஒன்றை வண்டியில் ஏற்றிக் கஞ்சிக்கோட்டுக்கு அனுப்புங்கள். இடையில் மாறியது மட்டும் லைனில் போகும்.