பணியில் இருந்தவர் இறந்தால் குடும்பத்துக்கு வரும் பலன்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்ந்திருக்கும் பணம் குடும்பத்துக்கு வரும் என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்குடன் இணைந்து ஓய்வூதியமும் காப்பீடும் இருக்கின்றன என்பதும், இவற்றுக்கு வெளியே பணிக்கொடை (கிராஜுவிட்டி) இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர், உயிரோடு வேலையை விடுகிறவருக்கான தகுதி விதிகளை இறந்தவருக்கும் பொருத்திப் பார்த்து, "நமக்குக் கிடைக்காது" என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

"பத்து வருஷம் முடியவில்லையே, பென்ஷன் எப்படி வரும்?" என்ற பேச்சுதான் இவற்றில் முதன்மையானது. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுப் பணி என்பது, தொழிலாளி தாமே ஓய்வூதியம் பெறுவதற்கான நிபந்தனை. பணியில் இருக்கும்போதே அவர் இறந்தால், ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலும் மனைவிக்கு அல்லது கணவருக்கு மாத ஓய்வூதியம் உண்டு. வாழ்க்கைத் துணைக்கு சொந்தச் சம்பளம் இருந்தாலும் அது தடையாகாது. குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் மறுமணம் செய்துகொள்ளாதவரை ஆயுள் முழுவதும் வருவது. அதற்கு மேல், ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் அந்த ஓய்வூதியத்தில் 25 சதவீதம் வீதம், 25 வயது வரை கொடுக்கப்படும். மூத்த பிள்ளை 25 வயதைக் கடந்ததும் மூன்றாவது குழந்தையின் முறை வரும் என்பதைப் பல குடும்பங்கள் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகளுக்கு 25 சதவீதம் 75 சதவீதமாக உயரும். தாய் மறுமணம் செய்துகொண்டாலும் பிள்ளைகளுக்கு இந்த உயர்ந்த விகிதமே பொருந்தும் என்பதால், மறுமணத்தோடு எல்லாம் நின்றுபோயிற்று என்று கணக்கை மூடிவிடக் கூடாது.

பணிக்கொடையிலும் இதே கதைதான். 5 ஆண்டுத் தொடர் பணி என்ற நிபந்தனை இறப்புக்குப் பொருந்தாது. இரண்டே ஆண்டு வேலை பார்த்தவர் இறந்தாலும், பார்த்த காலத்துக்கு உரிய தொகையை நிறுவனம் கொடுத்தாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப். உறுப்பினராகி, அப்போதே 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வருவதில்லை. அவருடைய குடும்பம் ஓய்வூதியத்தை நம்பித் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மாதாமாதம் மூன்றாவது கட்டம் பூஜ்யமாகவே இருந்தால் அவர் அந்தத் திட்டத்தில் இல்லை என்று பொருள். இதை இப்போதே பார்த்துவிட்டால், அதற்கேற்பத் தனியாக ஓர் ஆயுள் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்.

பி.எஃப். கணக்குடன் இணைந்த காப்பீட்டைப் பொறுத்தவரை, தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிக்காமல் நிறுவனமே சந்தா கட்டுவதால், சம்பளச் சீட்டில் அதற்கான தடயமே இருக்காது. குடும்பங்கள் அதைக் கேட்காமலே போய்விடுவதற்கு இதுவே காரணம். இறப்பதற்கு முந்தைய 12 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள், 35 மடங்காக்கி, அதனுடன் கணக்கின் சராசரி இருப்பில் பாதியை 1.75 லட்சம் வரை கூட்டுவார்கள். அதிகபட்சம் 7 லட்சம். 12 மாதம் தொடர்ந்து பணியில் இருந்தவருக்குக் குறைந்தது 2.5 லட்சம்.

இங்கேதான் மிகவும் வேதனையான தவறு ஒன்று நடக்கிறது. புற்றுநோயோ சிறுநீரகச் செயலிழப்போ வந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவரிடம், "எப்படியும் வரப்போவதில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் பி.எஃப். பணத்தைச் சீக்கிரம் எடுக்கலாம்" என்று அக்கறையோடேயே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இந்தக் காப்பீடு பணியில் இருக்கும்போது நேரும் இறப்புக்கு உரியது. ராஜினாமா பதிவாகி அடுத்த மாதமே அவர் இறந்தாலும் காப்பீட்டுத் தொகை கைநழுவிவிடும். 10 ஆண்டு முடியாதவராக இருந்தால் குடும்ப ஓய்வூதியமும் சிக்கலில் மாட்டும். சிகிச்சைக்காக பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுப்பதற்கு வேலையை விடத் தேவையே இல்லை. சம்பளமில்லா விடுப்பில் இருப்பவரைக் காக்கவும் வழி இருக்கிறது: 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடைசிச் சந்தா செலுத்திய 6 மாதத்துக்குள் இறப்பு நேர்ந்து, நிறுவனப் பதிவேட்டில் பெயர் நீடித்திருந்தால் காப்பீட்டுத் தொகை உண்டு. ஆகவே நோயாளியின் பெயர் பதிவேட்டில் நீடிப்பதுதான் முக்கியம். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது நாமினி. வேலையில் சேர்ந்த புதிதில் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக் கொடுத்தவர், திருமணத்துக்குப் பிறகும் அதை மாற்றாமலே இருந்துவிடுகிறார். திருமணத்தோடு பழைய நாமினி நியமனம் செல்லாததாகிவிடும். புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். தாய் அவரைச் சார்ந்து வாழ்பவராக இருந்தால் பி.எஃப். விதிப்படி குடும்பத்தில் ஒருவர். அவரை மீண்டும் சேர்க்கலாம். குடும்பம் இருக்கும்போது தம்பியைச் சேர்க்க முடியாது. செல்லத்தக்க நியமனம் இல்லாவிட்டால் பணம் குடும்பத்தினருக்குச் சம பங்காகப் பிரியும். மனைவி போன்ற மற்றவர்கள் இருக்கும்போது, வயது வந்த மகன்களுக்கும், கணவர் உயிரோடிருக்கும் திருமணமான மகள்களுக்கும் அதில் பங்கு இராது. வாரிசுச் சான்றிதழில் பெயர் இருப்பதைக் காட்டி இவர்கள் வாதாடுவதால் எத்தனையோ கோரிக்கைகள் தேங்கி நிற்கின்றன. ஓய்வூதியமோ நாமினியைப் பார்த்து வருவதில்லை. வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இருக்கும்வரை அது அவர்களுக்கே உரியது.

பெயர்க் குழப்பத்தையும் நம் ஊரில் சொல்லியாக வேண்டும். ஆதாரில் "செல்வி முருகன்", வங்கிக் கணக்கில் "மு. செல்வி", பி.எஃப். பதிவில் வெறும் "செல்வி" என்றிருந்தால், மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. உறுப்பினர் உயிரோடிருக்கும்போது இணையத்தில் எளிதாக முடிகிற திருத்தம், அவர் போன பிறகு நிறுவனத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைகிற வேலையாகிவிடும்.

வேலையால் நேர்ந்த விபத்தில் இறந்தவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) உறுப்பினராக இருந்தால், சேர்ந்த முதல் நாளிலேயே இறந்திருந்தாலும், சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் சார்ந்தோருக்கு மாதந்தோறும் கிடைக்கும். வேலைக்கு வந்து போகும் வழியில் நேர்ந்த விபத்தும், பணியோடு உள்ள தொடர்பைக் காட்ட முடிந்தால், இதில் சேரும். 12 மாதத்துக்குள் கோரிக்கை கொடுத்துவிட வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில், முதலாளி துக்க வீட்டுக்கே வந்து ஒரு தொகையைக் கொடுத்து, "இனி கோரிக்கை எதுவும் இல்லை" என்று எழுதி வாங்குவது வழக்கமாக இருக்கிறது. இறப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும் என்கிறது சட்டம். எனவே நேரில் கொடுத்த பணத்தாலும் வாங்கிய கையெழுத்தாலும் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது. இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் குடும்பம் அந்த அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.