மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு நடமாட்டம் கூடியிருக்கிறதா? வீட்டிலேயே அளக்கும் முறை

முழங்கால் மூட்டு மாற்றியவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இப்ப வலி எப்படி இருக்கு?" பெரும்பாலானோருக்கு வலி நன்றாகவே குறைகிறது. ஆனால் வலி குறைவது வேறு, நடமாட்டம் கூடுவது வேறு. உடம்பில் கருவி கட்டி அளந்த ஆய்வுகளில், 6 மாதம் கழித்தும் பலருடைய அன்றாட நடமாட்டம் பழைய அளவிலேயே இருப்பது தெரிய வந்திருக்கிறது. வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து உட்கார்ந்தே பழகியவர்கள், வலி போன உடனே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவதில்லை. அதனால்தான் நடமாட்டத்தைத் தனியாக அளக்கச் சொல்கிறேன். ஒரு நோட்டும் ஸ்டெப்ஸ் எண்ணும் ஒரு கருவியும் போதும்.

படி 1: அறுவைக்கு முன்பே தொடங்குங்கள்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததுமே ஒரு வாரக் கணக்கை எடுத்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லா எண்ணையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். "அப்போ எவ்வளவு நடந்தீங்க?" என்று பிறகு கேட்டால் வரும் பதிலை நம்ப முடியாது, நடந்ததைவிட அதிகமாகச் சொல்வது எல்லோருக்கும் இயல்பு. ஆபரேஷன் முடிந்துவிட்டதா? சரி, இந்த வாரத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கருவியை எங்கே கட்டுவது

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கையில் கட்டும் வாட்ச், கை வீசி நடப்பதை வைத்துத்தான் ஸ்டெப்ஸ் எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்து நடக்கும்போது கை வீசாது, எண்ணிக்கையும் ஏறாது. மெதுவாக, காலைத் தேய்த்து நடந்தாலும் இதே கதைதான். போனை நம்பவே வேண்டாம், அது பாதி நேரம் டிவி பக்கத்தில் கிடக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். மூட்டு மாற்றியவர் நடக்கும்போது கூடவே நடந்து 50 ஸ்டெப்ஸ் வாய்விட்டு எண்ணுங்கள். கருவி 30 என்று காட்டினால் அந்த இடம் சரிப்படாது. இடுப்பிலோ கணுக்காலிலோ மாட்டி மறுபடி பாருங்கள். இடம் முடிவானதும் கடைசி வரை அதே கருவி, அதே இடம். நடுவில் மாற்றினால் கூடியது நடையா, கருவியின் கணக்கா என்று தெரியாமல் போய்விடும்.

படி 3: ஒரு வாரச் சராசரி

காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை கருவி உடம்பில் இருக்கட்டும், குளிக்கும்போது கழற்றலாம். ஆய்வுகளில் பொதுவாக ஒரு நாளைக்கு 10 மணி நேரமாவது, குறைந்தது 4 நாட்கள் அணிந்திருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அதையே நீங்களும் பின்பற்றலாம். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வெளியே போன நாளைக் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே அன்றைய வலியை 0 முதல் 10-க்குள் எழுதுங்கள்.

படி 4: இரண்டு சின்னப் பரிசோதனைகள்

பிசியோதெரபிஸ்ட் சம்மதித்த பிறகே இதைச் செய்யுங்கள். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

முதலாவது, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியில் கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் விதிப்படி மதிப்பெண் 0. ஆனால் 'கை ஊன்றி 5' என்று தனியாக எழுதுங்கள், அந்த 5 அடுத்த முறை 8 ஆவதும் முன்னேற்றம்தான்.

இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கெண்டைக்காலில் புது வீக்கம், காய்ச்சலோடு மூட்டில் சூடு, திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் அளவெல்லாம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

படி 5: எப்போது அளப்பது, எப்படிப் படிப்பது

6 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம். ஆறாவது வாரத்தில் எண்கள் பழையதைவிடக் குறைந்திருந்தால் பயப்படாதீர்கள், அப்போது அது சகஜம்.

ஆறாவது மாதத்தை நன்றாகக் கவனியுங்கள். உதாரணத்துக்கு வலி 7-லிருந்து 2-க்கு வந்திருக்கிறது, ஸ்டெப்ஸ் மட்டும் 2,400-லேயே நிற்கிறது என்று வையுங்கள். "சோம்பேறித்தனம்" என்று அவர்களைத் திட்டாதீர்கள். மற்ற முழங்கால் வலிக்கலாம், விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கலாம், போவதற்கு இடமே இல்லாமலும் இருக்கலாம். அவர்களிடமே கேளுங்கள். 10,000 ஸ்டெப்ஸ் என்று இலக்கு வைத்து விரட்டவும் வேண்டாம். 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற, ஸ்டெப்ஸ் எண்ணும் ஒரு கருவியின் (பெடோமீட்டர்) பெயரிலிருந்து பரவிய எண் அது. 2,400 நடப்பவருக்கு அடுத்த இலக்கு 2,700 போதும். நோட்டை அப்படியே பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, அங்கிருந்து எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.