அரபு அகராதியில் சொல்லை வேர் பிடித்துத் தேடுவது

கீழக்கரையில் ஓத்துப்பள்ளிக்குப் போய்விட்டுத்தான் பி.ஏ. அரபியில் சேர்ந்தேன். குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதுவேன், பொருள் தெரியாது. முதல் வாரம் அகராதியில் ‘அமல்’ தேடினேன். அலிஃப் பகுதியில் ‘எதிர்பார்ப்பு, நம்பிக்கை’ என்று இருந்தது. உம்மா நாள்தோறும் சொல்லும் ‘நல்ல அமல்’ இதுவா என்று குழம்பிப்போனேன். உம்மா சொல்வது ஐன் என்ற அரபு எழுத்தில் தொடங்கும் அமல், அதாவது செயல். நான் பார்த்தது அலிஃபின் மேல் எழுதும் ஹம்ஸாவில் தொடங்குவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் காதில் விழுந்ததை வைத்துத் தேடாதீர்கள். முதலில் அரபு எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வேரைப் பிடியுங்கள். வேர் என்பது ஒரு சொற்குடும்பத்துக்கே அடிப்படையான, பெரும்பாலும் மூன்று எழுத்துகள். நம் ஊர்ச் சொற்களுக்கும் இது பொருந்தும். மகசூலும் தாசிலும் ஹா, ஸாத், லாம் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. வசூலும் அந்தக் குடும்பம் என்றுதான் தோன்றும், ஆனால் அது வாவ், ஸாத், லாம்.

முதலாண்டில் கைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு ஹான்ஸ் வேர் என்பவரின் அரபு அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். (அவர் பெயர் தமிழில் ‘வேர்’ என்றே அமைந்தது எனக்கு இன்றும் பிடிக்கும்.) கைபேசி நீங்கள் கேட்ட ஒரு சொல்லை மட்டும் காட்டும். இதில் வேர்கள் முதலெழுத்து வரிசையில் இருக்கும், ஒவ்வொரு வேரின் கீழும் குடும்பமே வரிசையாக இருக்கும். வேரோடு எழுத்துகள் சேர்ந்தோ இரட்டித்தோ உருவாகும் வினை வடிவங்களை இரண்டு முதல் பத்து வரை ரோமன் எண்களால் குறித்திருப்பார்கள். அந்த எண்கள் மனப்பாடம் ஆகட்டும்.

சரி, வேரை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ஸஅல்துமூனீஹா’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். ‘என்னிடம் அதைக் கேட்டீர்கள்’ என்று பொருள். வேரோடு வந்து ஒட்டக்கூடிய பத்து எழுத்தும் இதற்குள் இருக்கின்றன. ‘இஸ்திக்ஃபார்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அலிஃப், ஸீன், தா எல்லாம் இந்தப் பத்தில் சேரும். அவற்றை எடுத்தால் கைன், ஃபா, ரா மிஞ்சும். அதுதான் வேர், பொருள் மன்னித்தல். மக்ஃபிரத் (மன்னிப்பு) இதில் வந்தது, அப்துல் கபூர் என்ற பெயரில் இருக்கும் கபூரும் இதில் வந்ததுதான். இஸ்திக்ஃபார் பத்தாம் வடிவத்தைச் சேர்ந்தது. அந்த வடிவத்துக்குப் பெரும்பாலும் ‘வேண்டுதல்’ என்ற சாயல் உண்டு. அதனால் இஸ்திக்ஃபார் என்றால் மன்னிப்பு வேண்டுதல். சிறு வயதிலிருந்து ஓதிய சொல் அன்று எனக்குத் திறந்துகொண்டது. அந்தப் பக்கத்தை மூடவே மனம் வரவில்லை.

ஆனால் பத்தில் ஒன்று என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிடக் கூடாது. ‘இஸ்திஃமால்’, அதாவது பயன்படுத்துதல், என்பதில் அப்படி வெட்டினால் ஐன் மட்டும்தான் நிற்கும். மீமும் லாமும் அங்கே வேரெழுத்துகள். இஸ்திக்ஃபாரின் அச்சில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நடுவில் அலிஃப் உள்ள வினைதான் அதிகம் தடுமாற வைக்கும். அந்த அலிஃபுக்குப் பின்னால் வாவோ யாவோதான் வேரெழுத்தாக ஒளிந்திருக்கும். ‘கால’ (சொன்னான்) என்றால் நிகழ்காலம் ‘யகூலு’, ஆகவே நடுவெழுத்து வாவ். ‘பாஅ’ (விற்றான்) என்றால் ‘யபீஉ’, ஆகவே யா. ‘நாம’ (தூங்கினான்) என்பதற்கு நிகழ்காலத்திலும் அலிஃபே வரும், அப்போது தொழிற்பெயரைப் பாருங்கள்: ‘நவ்ம்’, வாவ்.

அப்புறம், நூலகத்தில் இப்னு மன்ழூரின் ‘லிஸானுல் அரப்’ என்ற பழைய அரபு அகராதியை எடுத்தால் இந்த முதலெழுத்து வரிசை செல்லாது. அது வேரின் கடைசி எழுத்தை வைத்து அடுக்கியது. அமலுக்கு லாம் பகுதியைத் திறந்து, அதற்குள் ஐனைத் தேடுங்கள்.